இரண்டு முழ எலாஸ்டிக்

பத்து மணி டீ பெல் அடித்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, இளவேனில் குழந்தைகள் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் டம்ளர் இல்லை, ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. சாந்தகுமாரி நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். டீ நேரத்தில் டீயை விட்டுவிட்டு ஒருத்தி வருகிறாள் என்றால் அது நல்லதுக்கு இல்லை என்று பதினாறு வருஷத்து கார்மெண்ட்ஸ் அனுபவம் அவளுக்குச் சொன்னது. பாட்டிலை மூடிப் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, டாக்டர் எல்லாம் பாத்துட்டாரு. எலும்புல ஒண்ணும் இல்ல, நரம்புல ஒண்ணும் இல்லன்றாரு."

"அப்பறம் இன்னா? நல்ல சேதிதானே?"

"பகல்ல எங்க வெச்சு வளக்கறீங்கன்னு கேட்டாரு. கம்பெனி ஆயாகிட்டன்னு சொன்னேன். தரையில உடறாங்களான்னாரு." இளவேனில் சாந்தகுமாரியின் முகத்தைப் பார்க்காமல் சீட்டைப் பார்த்துப் பேசினாள். "தரையில உட்டு வெளையாட வெக்கணுமாம். தவழணும், உருளணும், எதையாவது புடிச்சிகினு நிக்கணுமாம். அதான் மருந்தாம். வேற ஒண்ணும் எழுதல அக்கா."

மூன்றாவது தொட்டில் கம்பத்தடியில் அவள் மகன் பரத் உட்கார்ந்திருந்தான். ஒரு வருஷம் ஐந்து மாதம். நல்ல புஷ்டியான பிள்ளை, கன்னமும் தொடையுமாகக் கொழுக்கட்டை போல இருப்பான். அம்மாவைப் பார்த்ததும் கையைத் தூக்கினான். எழுந்திருக்கவும் முயலவில்லை, நகரவும் முயலவில்லை. தூக்கினால் போவான், இறக்கினால் உட்காருவான். இளவேனிலின் புருஷன் பழனிச்சாமி, இரண்டு தெரு தள்ளிப் பெயிண்ட் அடிக்கும் யூனிட்டில் வேலை செய்பவன், சந்தையில் ஒரு நடைவண்டி வாங்கி வந்தான். அவர்கள் குடியிருந்த ஒற்றை அறையில் அடுப்பு, கட்டில், தண்ணீர் டிரம் போக மிஞ்சிய இடத்தில் அந்த வண்டி நிற்கலாம், ஓட முடியாது. இப்போது அதில் வெங்காயம் இருக்கிறது.

"சரி, பாக்கறேன் போ. பெல் அடிக்கப் போறான்" என்றாள் சாந்தகுமாரி.

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டாளே தவிர, பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? பரத்தின் இடுப்பில் முக்கால் அங்குல எலாஸ்டிக் கட்டியிருந்தது. அதன் மறுமுனை தொட்டில் கம்பத்தில் இருந்தது. பரத்துக்கு மட்டும் இல்லை, தொட்டில் வயதைத் தாண்டிய ஏழு பிள்ளைகளுக்கும் அப்படித்தான். ஆளுக்கு இரண்டு முழம். கட்டியவள் அவள்தான். அந்த யோசனையைக் கண்டுபிடித்தவளும் அவள்தான்.

பீன்யா தொழிற்பேட்டையில் அந்தக் கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து அவள் இருக்கிறாள். பதிமூன்று வருஷம் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷின். முழங்கால் தேய்ந்து, கண்ணில் நூல் தெரியாமல் போனபிறகு, பழைய ஆள் ஆயிற்றே என்று குழந்தைகள் அறையைக் கொடுத்தார்கள். இதுவும் போனால் நாற்பத்தெட்டு வயதில் எந்தத் தையல் லைனிலும் உட்கார வைக்க மாட்டார்கள். மகள் வீட்டில்தான் இருக்கிறாள். மருமகன் கெட்டவன் இல்லை. ஆனால் வேலைக்குப் போகிற மாமியாருக்குத் தட்டு கழுவி வைப்பவன், வீட்டோடு கிடக்கிற மாமியாருக்கும் கழுவி வைப்பானா என்பதைச் சோதித்துப் பார்க்க அவளுக்கு விருப்பமில்லை.

அறைக்கும் தையல் ஹாலுக்கும் நடுவே இருந்தது வெறும் பிளைவுட் தடுப்பு. ஒரு பிள்ளை வீறிட்டால் அந்தப் பக்கம் பதினோரு தாய்களும் தலையைத் தூக்குவார்கள். மிஷின் இரைச்சலில் அழுவது யார் பிள்ளை என்று தெரியாது, ஆகவே எல்லோருக்கும் அது தன் பிள்ளைதான். பதினோரு ஊசி நிற்கும். உடனே சூப்பர்வைசர் நாகேஷ் மர ஸ்கேலால் பிளைவுட்டைத் தட்டிக் கன்னடமும் தமிழுமாகக் கத்துவான். "சும்னிர்ஸக்கா! சும்மா இருக்க வை! இங்க லைன் நிக்குது!" முதல் மாதம் அந்தத் தட்டலிலேயே அவளுக்குப் பாதி உயிர் போயிற்று. அப்போதுதான் ஸ்டோர் ரூமில் கழித்துப் போட்ட எலாஸ்டிக் சுருளைப் பார்த்தாள்.

கயிறு என்றால் பாவம், இடுப்பை அறுக்கும். எலாஸ்டிக் அப்படி இல்லை. பிள்ளை தவழ்ந்து போகும், அதுவும் கூடவே நீளும், ஒரு கட்டத்தில் சுருக்கென்று இழுத்துப் பின்னால் உட்கார வைத்துவிடும். அடிபடாது. மூன்று நாலு நாள் அழும், அப்புறம் புரிந்துகொள்ளும். ஒன்றிரண்டு மாதம் போனால் கட்டவே வேண்டாம், அவிழ்த்து விட்டாலும் அந்த இரண்டு முழத்தைத் தாண்டாது. பிள்ளைகள் எவ்வளவு சீக்கிரம் படித்துக்கொள்கின்றன என்று அவளே ஆச்சரியப்பட்டிருக்கிறாள். போன ஆயுத பூஜைக்கு மேடையில் கூப்பிட்டு, "நம்ம கம்பெனியில குழந்தைங்க இருக்கறதே தெரியல, அவ்ளோ அமைதி" என்று பர்சனல் மேனேஜர் சீனிவாசராகவன் அவளுக்கு வெள்ளி முலாம் பூசிய குங்குமச் சிமிழ் கொடுத்தார். பெண்கள் எல்லோரும் கைதட்டினார்கள். தட்டியவர்களில் இளவேனிலும் ஒருத்தி.

அந்தக் கம்பெனி தைப்பது என்னவோ குழந்தைகள் உடுப்புதான். தவழும் வயதுப் பிள்ளைகளுக்கான பேண்ட், ஏதோ ஒரு குளிர் தேசத்துக்குப் போகிறது. இரண்டு முழங்காலிலும் உள்ளே பஞ்சு வைத்து வட்டமாக ஒரு ஒட்டுத் துணி. அந்த ஒட்டுப் போடுவதுதான் இளவேனிலின் வேலை, மணிக்கு எண்பது முழங்கால். சேர்ந்த புதிதில், "புதுத் துணிக்கு ஏன் அக்கா ஒட்டு?" என்று கேட்டாள். "அங்க புள்ளைங்க தவழ்ந்து தவழ்ந்து முட்டி கிழிஞ்சி போவுதாம். அதுக்கு முன்னாடியே போட்டுக் குடுத்துடறாங்க" என்றாள் சாந்தகுமாரி. இருவரும் அதைப் பெரிய வேடிக்கையாக நினைத்துச் சிரித்தார்கள். அப்போது பரத் வயிற்றில் இருந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை பையர் ஆடிட். துணி வாங்கும் கம்பெனியிலிருந்து ஆள் வந்து கக்கூஸ் கதவிலிருந்து தீயணைக்கும் சிலிண்டர் வரை பார்ப்பார்கள். குழந்தைகள் அறையையும் பார்ப்பார்கள். அதற்காகவே மூலையில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பிளாஸ்டிக் சறுக்கு மரம் இருந்தது. வருஷத்தில் இரண்டு நாள் அதன் மேல் சுற்றிய பாலிதீன் உறையைப் பிரிப்பார்கள், ஆடிட் முடிந்ததும் டேப் ஒட்டி மூடிவிடுவார்கள். புதுக் கார் கூட அவ்வளவு பத்திரமாக இருக்காது. "இந்தத் தடவை பசங்க வெளையாடற மாதிரி இருக்கணும் சாந்தாம்மா. போன தடவை சும்மா உக்காந்திருந்தாங்கன்னு எழுதிட்டான்" என்று சீனிவாசராகவன் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

ஆக, கரும்பு தின்னக் கூலியா என்று அவள் கணக்குப் போட்டாள். பிள்ளையும் நடை பழகும், மேனேஜர் கேட்டதும் நடக்கும். மனசுக்குள் உறுத்தியதை அந்தக் கணக்குக்கு அடியில் போட்டு மூடினாள். டாக்டர் சீட்டில் மருந்துப் பெயர் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்ததே, அதுதான் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், அந்தப் பக்கம் நூற்றிருபது மிஷினும் ஓடுகிற நேரமாகப் பார்த்து, பரத்தின் எலாஸ்டிக்கை அவிழ்த்தாள். மூன்று முழம் தள்ளி ஒரு பிஸ்கட் வைத்தாள். பிள்ளை குப்புற விழுந்து, கையை ஊன்றி நகர்ந்தான். இரண்டு முழம் வந்தது, நின்றுவிட்டான். பிஸ்கட் ஒரு கை தூரம்தான். கையை நீட்டிப் பார்த்தான், எட்டவில்லை. இடுப்பைத் திரும்பிப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் மெல்லப் பின்னால் சரிந்து தானாகவே உட்கார்ந்துகொண்டு, பிஸ்கட்டை விட்டுவிட்டு அவளைப் பார்த்தான். அழக்கூட இல்லை. சாந்தகுமாரிக்குத் தன் மகள் நாலு மாதத்திலேயே கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து மண்டையைப் புடைத்துக்கொண்டதும், அதற்காகத் தான் ஊரையே கூட்டி அழுததும் ஞாபகம் வந்தது. புடைக்கட்டுமே, பாவி, புடைத்திருந்தால்தான் என்ன என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

புதன்கிழமை அவள் வேறு மாதிரி இறங்கினாள். சிமெண்ட் தரை சொரசொரப்பு, பிள்ளைக்கு முழங்கால் தேயும் என்று கழித்துப் போட்ட ரிஜெக்ட் மூட்டையிலிருந்து ஒரு பேண்ட்டை எடுத்து மாட்டினாள். தைப்பவள் மகனுக்கே அது அளவெடுத்தது போலப் பொருந்தியது. பிறகு கதவைச் சாத்திவிட்டு, தைலம் தேய்த்த முழங்கால்களைத் தரையில் ஊன்றித் தானும் தவழ்ந்தாள். வலி உச்சந்தலைக்கு ஏறியது. "ஆனை வருது, ஆனை வருது, வழி உடு" என்று அவனை முட்டிக்கொண்டே போனாள். இரண்டு முழத்தில் அவன் வழக்கம்போல நின்றான். அவள் நிற்கவில்லை. தலையால் அவன் பின்பக்கத்தை ஒரு தள்ளு தள்ளினாள்.

அந்த இரண்டு முழத்தைத் தாண்டிவிட்டான். ஒன்றும் இழுக்கவில்லை. பிள்ளை ஒரு நிமிடம் அப்படியே திகைத்துப்போய் இருந்தான். அப்புறம் ஒரு கை, ஒரு முழங்கால், இன்னொரு கை என்று போய்க்கொண்டே இருந்தான். பாலிதீன் சுற்றிய சறுக்கு மரத்தின் காலைப் பிடித்தான், வழுக்கினான், மறுபடி பிடித்தான். குழந்தை ஜென்மத்தில் முதல் தடவையாக எழுந்து நின்று, சாந்தகுமாரியைத் திரும்பிப் பார்த்து, வயிறு குலுங்கச் சிரித்தான். அது என்ன சிரிப்பு! கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற சிரிப்பு. கட்டிக் கிடந்த மற்ற பிள்ளைகளும் எதற்கென்று தெரியாமலே கையைத் தட்டிக் கத்தின. அவளும் தரையில் உட்கார்ந்தபடி சிரித்தாள். மிஷின் ஓடுகிறவரை யாருக்குக் கேட்கப் போகிறது என்றிருந்தாள்.

கரண்ட் போயிற்று.

பீன்யாவில் கரண்ட் போவது அதிசயம் இல்லை, தினம் நாலு தடவை போகும். ஜெனரேட்டர் எடுக்க ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தை மட்டும் அவள் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டாள். நூற்றிருபது மிஷின் ஒரே சமயத்தில் ஊமையானது. ஹால் முழுக்க இருட்டும் அமைதியுமாக இருக்க, அதன் நடுவே பரத்தின் சிரிப்பு மட்டும் கணீரென்று எழுந்து போனது.

யாரோ ஒருத்தி, "ஐயே, யார் புள்ள இது?" என்று சிரித்தாள். இளவேனில் அந்தச் சிரிப்பை அதற்கு முன் கேட்டதே இல்லை. எப்படித் தெரிந்ததோ, எழுந்து ஓடிவந்தாள். அவள் பின்னால் மற்ற தாய்களும், தாய்கள் பின்னால் வேடிக்கை பார்க்க இன்னும் இருபது பேரும் வந்தார்கள். கதவைத் திறந்தபோது பிள்ளை சறுக்கு மரத்தைப் பிடித்து நின்றுகொண்டிருந்தான். இளவேனில் வாசற்படியிலேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். "நிக்கறான் அக்கா. நிக்கறான் பாரு." கைதட்டலும் கூச்சலும் எழுந்தன. ஜெனரேட்டர் எடுத்து விளக்கு வந்து மிஷின் மோட்டார்கள் உறுமத் தொடங்கியபின்னும் ஒருத்தியும் நகரவில்லை. நாகேஷ் ஸ்கேலோடு வந்து கத்தியபிறகு கலைந்தார்கள். பன்னிரண்டு நிமிடம் லைன் நின்றது என்று அவன் தன் நோட்டில் எழுதினான்.

சாயந்தரம் சீனிவாசராகவன் கூப்பிட்டனுப்பினார். அவர் கத்துகிற மனிதர் இல்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

"வெள்ளிக்கிழமை ஆடிட்ட வெச்சுக்கிட்டு இது தேவையா சாந்தாம்மா? உங்க பேர்ல எனக்கு ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. குழந்தைய யாரு அவுத்து விட்டா? ரிப்போர்ட்ல ஒரு பேர் எழுதணும், அவ்ளோதான்."

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். சாந்தகுமாரி அந்தப் பேனா முனையையே பார்த்தாள். நான்தான் என்று சொல்ல நாக்குப் புரண்டது உண்மை. அதே நாக்கு அடுத்த நொடி வேறு பக்கம் புரண்டது. அந்தப் பெண் எப்படியும் லைனை விட்டு எழுந்து ஓடியவள்தானே, அவளுக்கு எப்படியும் ஏதாவது எழுதத்தான் போகிறார்கள், சின்ன வயசு, வேறு கம்பெனி கிடைக்கும் என்று நியாயங்கள் வரிசையாக வந்து நின்றன. கெட்ட காரியத்துக்குத்தான் எத்தனை சாட்சி ஓடி வருகிறது!

"இளவேனில்தான் சார். டாக்டர் சொன்னாருன்னு வந்து அவுத்து உட்டுட்டா."

இளவேனிலைக் கூப்பிட்டார்கள். இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். முகத்தில் இன்னும் அந்தச் சந்தோஷம் மிச்சம் இருந்தது.

"நீதான் அவுத்து விட்டியாம்மா?"

அவள் திரும்பிச் சாந்தகுமாரியைப் பார்த்தாள். சாந்தகுமாரி தலையைக் குனிந்துகொண்டாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அந்தப் பெண் அவள் முழங்காலைத்தான் பார்த்தாள். புடவையில் முழங்கால் இருக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் தரை அழுக்கு வட்டமாக ஒட்டியிருந்தது.

"ஆமா சார், நாந்தான். எம்புள்ளதானே" என்றாள் இளவேனில்.

அன்றைக்கே கணக்கை முடித்து இளவேனிலை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கேட்டில் தினமும் எல்லோரையும் சோதித்துத்தான் அனுப்புவார்கள், துணி திருடிப் போய்விடுவார்களாம். வேலையை விட்டுப் போகிறவளை இரண்டு மடங்கு சோதிப்பார்கள். செக்யூரிட்டி கோவிந்தராஜன் பையைக் கொட்டிப் பார்த்தான், டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தான், கடைசியில் பிள்ளை மாட்டியிருந்த பேண்ட்டைப் பார்த்தான். "கம்பெனி மால்மா இது. கழட்டு." ரிஜெக்ட் ஆனாலும் கம்பெனிச் சொத்துதான், சட்டம் சட்டம்தான். இளவேனில் கழற்றிக் கொடுத்தாள். அரை நிர்வாணப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டுப் பக்கம் நடந்தாள். ஜன்னலிலிருந்து சாந்தகுமாரி பார்த்துக்கொண்டிருந்தாள். பரத் கீழே இறங்கத்தான் காலை உதறிக்கொண்டு போனான். பிறகு கோவிந்தராஜன் வந்து பேண்ட்டை அவள் கையில் கொடுத்து, ஸ்டோரில் சேர்த்துவிடச் சொன்னான். அவள் சேர்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆடிட்டுக்கு வந்தது அனுஷா என்று ஓர் இளம்பெண். கழுத்தில் அட்டை, கையில் படிவம், கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தமிழ். சறுக்கு மரம் பளபளவென்று நின்றது. எலாஸ்டிக் எல்லாம் அவிழ்த்து அலமாரியில் இருந்தது. ஆறு பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தன. சீனிவாசராகவன் கையைத் தட்டி, "போங்க, வெளையாடுங்க, போங்க" என்றார். ஒன்றும் அசையவில்லை. அனுஷா கீழே குந்தி ஒரு பந்தை உருட்டிவிட்டாள். ஆறு தலையும் பந்து போகும் திசையில் திரும்பின. பந்து சுவரில் முட்டி நின்றது. ஆறு தலையும் பழையபடி திரும்பிக்கொண்டன.

ஷில்பா என்று ஒரு வாண்டு, அது மட்டும் எழுந்தது. தத்தித் தத்திச் சறுக்கு மரத்தைப் பார்த்து நடந்தது. போடி கண்ணு, போ, இன்னும் ஒரு அடி என்று சாந்தகுமாரி உள்ளுக்குள் கெஞ்சினாள். இரண்டு முழத்தில் அது நின்றது. பின்னால் யாரோ சுருக்கென்று இழுத்தது போலத் தொப்பென்று தானே உட்கார்ந்தது.

"அச்சோ, க்யூட்" என்று அனுஷா சிரித்தாள். "இவிங்க எப்பவுமே இப்படித்தானுங்களா? இத்தனை அமைதியா?"

"ஆமாம்மா" என்றாள் சாந்தகுமாரி. "தொந்தரவே இல்ல."

அனுஷா படிவத்தில் டிக் அடித்தாள். சறுக்கு மரத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். வாசலைத் தாண்டும்போது சீனிவாசராகவன் திரும்பிப் பார்த்துக் கண்ணாலேயே சபாஷ் சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் போனபிறகு அவள் பாலிதீன் உறையை எடுத்துவந்து சறுக்கு மரத்தைப் போர்த்தினாள். டேப் ஒட்டுவதற்கு முன், அலமாரியில் எலாஸ்டிக் சுருளுக்கு அடியில் மறைத்து வைத்திருந்த பேண்ட்டை எடுத்தாள். முழங்கால் ஒட்டு இரண்டிலும் சிமெண்ட் அழுக்கு கறுப்பாக அப்பியிருந்தது. ஒரே ஒரு நாள் அழுக்கு. உள்ளங்கையால் தட்டிப் பார்த்தாள், போகவில்லை. துவைத்தால் போய்விடும்.

பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் இளவேனிலின் மிஷினில் புதுப்பெண் ஒருத்தியை உட்கார வைத்திருந்தார்கள். இன்னும் வேகம் வரவில்லை. மற்ற மிஷின்களின் இரைச்சலுக்கு நடுவே அந்த ஒன்றின் சத்தம் விட்டுவிட்டுத் தனியாகக் கேட்டது. ஒரு முழங்கால் தைத்தது, நின்றது, துணியைத் திருப்பியது, இன்னொரு முழங்கால் தைத்தது. சாந்தகுமாரி பேண்ட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். பாயில் ஆறு பிள்ளைகளும், கட்டாமலே, அவரவர் கம்பத்தடிக்கு நகர்ந்து போய் உட்கார்ந்துகொண்டிருந்தன.